பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு ஒரு டிவி

டிவி கெட்டுப்போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்ல ஆரம்பித்தபோது அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், எங்கள் பெண் பார்த்தாள், கேபிள் பணம் வாங்க வந்தவரையும் உள்ளே கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். படம் பளிச்சென்று இருந்தது. அவருக்கு மட்டும் பந்து தெரியவில்லை. பவுலர் ஓடி வருகிறான், பேட்ஸ்மேன் மட்டையை வீசுகிறான், கூட்டம் கத்துகிறது, இவர் பாயை விட்டு எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறார்.

"இன்னா டிவி இது, பந்தையே காட்ட மாட்டேன்றான்?"

"நீங்க மறச்சிக்கினு நின்னா யாருக்குத்தான் தெரியும்? நவுருங்க."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து ரசீது எழுதுகிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை, சில்லறை கொண்டு வராத பெற்றோர்களிடம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே ஒருவர் டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். முதலில் நானும் திட்டித் தீர்த்தேன். அப்புறம் ஒரு நாள் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில், தரையில் கையை வைத்துப் பொரியலைத் துழாவினார். அதைப் பார்த்த மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு மெட்ராஸில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. ஒரு தாளில் பென்சிலால் வட்டம் போட்டு, அதன் நடுவில் கட்டை விரலை வைத்துத் தேய்த்துக் கறுப்பாக்கிக் காட்டினாள். சர்க்கரை ஒரு பக்கம், வயசு ஒரு பக்கம், இரண்டு கண்ணிலும் நடுவில் இருக்கிற பார்வை போய்விட்டது என்றாள். ஓரப் பார்வை இருக்குமாம். நடக்கலாம், வாசற்படியில் இடறாமல் இறங்கலாம். எழுத்து தெரியாது, சின்னச் சாமான் தெரியாது, ஆட்களின் முகம் தெரியாது.

"கண்ணாடி போட்டா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆபரேஷன் என்றேன், ஊசி என்றேன். இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்ற ஊசி போடலாம், போனது போனதுதான் என்றாள். அவர் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும்தான் வாயைத் திறந்தார்.

"டிவி பழசாயிடுச்சி. வேற ஒண்ணு பாக்கணும்."

நியாயமாக நான் தலையில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் என்ன ஆச்சு தெரியுமா, எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு புது டிவி வாங்கி, அதில் அவருக்குப் படம் தெரிந்துவிட்டால், அந்த டாக்டர் பெண் சொன்னது தப்பு என்று ஆகிவிடும். அவள் தப்பாகச் சொல்கிறவள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஆசைப்பட்டேன். கும்பிடுகிற சாமிகளையெல்லாம் கும்பிட்டாகிவிட்டது, இந்த ஊரில் அதற்குக் குறைச்சலா? ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் இருந்தது டிவிதான்.

அவர் தொழிலைச் சொன்னால்தான் மேலே நடந்தது புரியும். ஒரு பட்டு மொத்த வியாபாரியிடம் சேலை பார்க்கிற வேலை. நெசவாளிகள் தறியிலிருந்து அறுத்துக் கொண்டு வருகிற சேலையை வெள்ளைப் பாயில் விரித்து, முந்தியிலிருந்து ஆரம்பித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்ப்பார். ஒரு இழை விட்டுப் போயிருந்தால் விரல் நேராக அங்கே போய் நிற்கும். இவரிடம் சேலை கொண்டு வர நெசவாளிகளுக்குப் பயம். அப்படிப்பட்டவர் கையைத் தாண்டி, கரையில் கையகலத்துக்குப் பழுது இருந்த சேலை ஒன்று கடைக்குப் போய், கல்யாண வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பிக் கொண்டு வந்து போட்டுவிட்டார்கள். முதலாளி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. "கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுத்துக்கப்பா, கண்ண பாத்துக்கினு அப்புறமா வா" என்றார். திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டிவிட்டு வந்திருப்பார். அன்றிலிருந்து வீட்டில்தான், டிவிக்கு முன்னால்தான்.

எங்கள் பெண் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபோன் தொழிற்சாலையில் இருக்கிறாள். கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். அங்கே ஃபோன் கண்ணாடிகளைப் பரிசோதிக்கிற பிரிவு அவளுக்கு. ஒரு சாயங்காலம் அவள் வந்து முகம்கூடக் கழுவவில்லை, பிடித்து உட்காரவைத்துவிட்டார். இந்த ஹெச்டி, ஃபுல் ஹெச்டி, ஃபோர்கே என்கிறார்களே, அது என்ன, இது என்ன, எது உசத்தி?

"நைனா, டிவின்னா எல்லாம் புள்ளிங்கதான். குறுக்க இத்தினி, நெடுக்க இத்தினின்னு அடுக்கி வெச்சிருப்பான். ஃபுல் ஹெச்டில குறுக்க ஆயிரத்துத் தொள்ளாயிரத்து சொச்சம், நெடுக்க ஆயிரத்து எண்பது. ஹெச்டி ரெடின்னா அதவிட கம்மி. ஃபோர்கேன்னா ஃபுல் ஹெச்டிய ரெண்டு பக்கமும் டபுள் பண்ணிக்க."

"பாவும் ஊடையும் மாதிரி."

"ஆங்?"

"நெடுக்க பாவு, குறுக்க ஊடை. அதே அகலத்துல ரெண்டு மடங்கு இழை போட்டா அது நெருக்க நெசவு. அதான?"

"ஆமா நைனா, அப்டியே வெச்சிக்கயேன்" என்று சொல்லிவிட்டாள் மகராசி. களைப்பு அவளுக்கு. அங்கே பிடித்தது வினை.

அவர் முகத்தில் நாங்கள் ரொம்ப நாளாகப் பார்க்காத தெளிவு வந்தது. கால்களை மடித்துச் சப்பணம் போட்டுக்கொண்டு எங்கள் இருவருக்கும் பாடம் எடுத்தார். நெசவு இளக்கமாக இருக்கிற துணியைத் தூக்கிப் பிடித்தால் நடுவில் சந்து தெரியும். அதே நூலை நெருக்கி அடித்து நெய்தால் சந்து அடைந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். "இந்தப் பழைய டிவி இளக்க நெசவு. அதான் எனக்கு நடுவுல ஓட்டையா தெரியுது. நெருக்க நெசவு டிவியா எடுத்தா ஓட்டை அடைஞ்சிடும்."

பெண் என்னைப் பார்த்தாள். சொல்லத்தான் வாயெடுத்தாள். நான் அவள் தொடையில் ஒரு கிள்ளு வைத்தேன், வாயை மூடிக்கொண்டாள். ஆயுசு முழுக்கத் துணியிலேயே பழுது தேடிப் பழகிய மனிதர். பழுது என்றால் அது துணியில்தான் இருக்கும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. பார்க்கிற கண்ணில் ஓட்டை விழும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

ஆடித் தள்ளுபடி வந்ததும் கிளம்பினோம். பெண்ணுக்கு அன்றைக்கு வேலை இருந்தது, நாங்கள் இரண்டு பேர்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பாய் வைத்திருக்கிற டிவி கடை. பெரிய கடைகளில் நுழைந்தால், டை கட்டினவன் வந்து, என்ன பட்ஜெட் என்று முதல் கேள்வியிலேயே நம்மை எடை போடுவான், எனக்கு அது ஆகாது. இந்தப் பாய் என் வயசுக்காரர். தொப்பியைச் சரிசெய்துகொண்டே எழுந்து வந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணே. உக்காருங்க. டிவிங்களா? வூட்டுல ஹாலு எத்தினி அடி இருக்கும்?"

"பத்தடி இருக்கும் பாய்" என்றேன்.

"செவுத்துல மாட்டிட்டு எதுத்த செவுத்துல சாஞ்சிக்கினு பாப்பீங்க. அப்போ முப்பத்திரண்டு இஞ்சு தாராளம். ஹெச்டி ரெடியே போதும். மனசு கேக்கலன்னா ஃபுல் ஹெச்டி எடுத்துக்கங்க, அதுக்கு மேல வாணாம். அத்தினி தூரத்துல இருந்து பாத்தா இதுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாதுக்கா. இன்னொண்ணு, உங்க கேபிள் பொட்டியில வர்ற படமே சின்ன படம். அதப் போயி ஃபோர்கேல இழுத்து வுட்டா மூஞ்சியெல்லாம் கரைஞ்சி போயி நிக்கும். பணத்த குடுத்து வம்ப வாங்காதீங்க."

ஒரு வியாபாரி வாயால் வேண்டாம் என்று கேட்பது லேசில் கிடைக்கிற பாக்கியமா? எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. முப்பத்திரண்டு இஞ்சில் ஒரு ஃபுல் ஹெச்டியைக் காட்டினார். கையைக் கடிக்காத விலை. எடுத்துப் போட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையின் ஜிப்பைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம்.

கடையின் பின்சுவர் நெடுக டிவிகள் மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே படம், ஒரு பச்சைக்கிளி பழம் கொத்திக்கொண்டிருந்தது. இவர் முதல் டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். நேராகப் பார்க்கவில்லை. தானியத்தைப் பார்க்கிற கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. நடுநடுவே டிவிக் கண்ணாடியை இரண்டு விரலால் தடவினார், பட்டின் கனத்தைத் தடவிப் பார்க்கிற அதே தடவல்.

"அண்ணே, அண்ணே, பேனல்ல கை வெக்காதீங்க, நோவும்" என்று பாய் ஓடினார்.

இவர் கேட்டால்தானே. ஒரு டிவியின் ஓரத்தைப் பிடித்து அதன் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தார். சேலையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தால்தான் நெய்தவன் யோக்கியதை தெரியும் என்பது அவர் கட்சி. டிவியின் பின்பக்கம் என்ன இருக்கும், ஸ்குரூவும் தூசியும்தான் இருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? "பாய், இத கொஞ்சம் வெளிய எடுத்துக்கினு வாங்க" என்றார்.

"வெளியவா? எதுக்குண்ணே?"

"வெளிச்சத்துல பாக்கணும்."

எங்கள் ஊரில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பட்டு எடுக்க மாட்டார்கள். கடை விளக்கில் மாம்பழ மஞ்சளாகத் தெரிந்தது வீட்டுக்குப் போனால் வேறு மஞ்சளாக இருக்கும். அதனால் எத்தனை உசத்திச் சேலையானாலும் வாசலுக்குத் தூக்கி வந்து, வெயிலில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பேரம். இவர் வாழ்க்கையில் வாசலுக்கு வராத சரக்கை எடுத்ததே இல்லை. டிவி வெயிலில் பார்க்கிற சாமான் இல்லை என்று பாய் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "எந்த சரக்கா இருந்தாலும் வெளிச்சத்துக்கு வரணும் பாய். வரலன்னா ஏதோ மறைக்கிறன்னு அர்த்தம்" என்று இவர் ஒரே பிடியாக நின்றார். பாய்க்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு டிவியைக் கழற்றி, நீளமாக ஒயர் இழுத்து, ஆளோடு சேர்ந்து தூக்கி வந்து வாசலில் ஸ்டூல்மேல் வைத்தார்.

ஆடி வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கிளி போயே போய்விட்டது. கண்ணாடியில் தெருதான் தெரிந்தது, ஒரு பஸ், எதிர் டீக்கடை, நானும் அவரும். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னா பாய், டிவிக்கு சூரிய நமஸ்காரமா?" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்தபடி நின்று, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டார். "படம் ஓடுதா?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. "ஓடுதுங்க. வெய்யில்ல யாருக்கும் தெரியாது" என்றேன். நிஜமும் அதுதான். அந்த ஒரு நிமிஷம் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் அவருக்குத் தெரிந்ததுதான் தெரிந்தது.

டிவியை உள்ளே கொண்டுபோய் வைத்ததும் பாய் என்னைத் தனியாகக் கல்லாப்பெட்டிப் பக்கம் கூப்பிட்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணனுக்குக் கண்ணு..."

"ஆமா பாய்."

"எங்க சின்ன மாமாவுக்கும் இதேதாங்க்கா. அவருக்கு ஒரு ரேடியோ வாங்கிக் குடுத்தோம். அதயே காதுல வெச்சிக்கினு காலத்த ஓட்டிட்டாரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். "ரேடியோ உங்க மாமாவோட போவட்டும் பாய். எங்கூட்டுக்காரு டிவிதான் பாப்பாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் அதற்குள் ஒரு டிவியின் முன் போய்க் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். நாற்பத்து மூன்று இஞ்சு, ஃபோர்கே.

"இதுதான்."

"பத்தடி ஹாலுக்கு ஃபோர்கே எதுக்குங்க? இப்பதான பாய் சொன்னாரு? காதுல வுழலையா?"

"பத்தடியில ஒக்காந்து பாக்கப் போறது யாரு? நான் பக்கத்துல நின்னு பாப்பேன்."

"பக்கத்துலன்னா?"

"ஒரு சாண் தூரத்துல."

நான் பாயைப் பார்த்தேன். எனக்காக ஒரு பொய்யாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா அந்த மனிதர்? அவரால் முடியவில்லை. "ஒரு சாண்ல நின்னு பாக்குறதா இருந்தா அண்ணன் சொல்றது சரிதாங்க்கா. மத்ததுல கிட்ட போனா புள்ளி புள்ளியா ஒடையும். ஃபோர்கேதான் ஒடையாது" என்றார். இவர் என் பக்கம் திரும்பி, ஜெயித்த குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் வாங்கினேன், பந்துக்காக இல்லை.

பேர் பெற்ற கம்பெனிகளின் விலையைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டேன். அதே அளவில், யாருக்கும் பெயர் தெரியாத கம்பெனி டிவி ஒன்றை, பேனலுக்குத் தனியாக உத்தரவாதம் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்தோம். அதுவும் எங்கள் கைக்கு அதிகம்தான். வீட்டுச் சுவரில் அதை மாட்டினதும் மிச்சச் சுவரே சின்னதாகிவிட்டது.

கேபிளைச் செருகினால், பாய் சொன்னது சொன்னபடி. சீரியல் மாமியார் மருமகள் இரண்டு பேர் முகமும் ஈரத்தில் ஊறின காகிதம் மாதிரி வந்தது. யார் அழுகிறாள், யார் அழவைக்கிறாள் என்றே தெரியவில்லை. நான் ரிமோட்டைத் தூக்கிப் பாயில் எறிந்தேன். பழைய டிவியில் எனக்காவது தெரிந்துகொண்டிருந்தது, இப்போது இரண்டு பேருக்கும் இல்லை என்று கத்தினேன். அவர் கண்டுகொள்ளவே இல்லை. அந்த வாரம் ஒரு மேட்ச் வந்தது. டிவிக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டு பார்த்தார். நான் அடுப்படியில் இருந்தே காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பொறுக்காமல் போய்க் கேட்டேன்.

"பந்து தெரியுதா?"

"பந்த வுடு" என்றார்.

அதோடு பந்துப் பேச்சை எடுக்கவில்லை. டிவியைப் போடச் சொல்லவும் இல்லை. சரி, அவருக்கே புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தினமும் துடைத்தேன், துடைக்கும்போதெல்லாம் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் இருந்தாள். நான் உள்ளே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அவளிடம் கேட்பது காதில் விழுந்தது.

"பாப்பா, ஃபோன்ல இருக்கிற போட்டோவ இதுல காட்ட முடியுமா?"

"முடியும் நைனா. இது கேபிள் மாதிரி இல்ல, ஃபோன்ல எடுத்ததுன்னா சூப்பரா வரும்."

"ஓரிக்கையில அம்மாவ ஒரு போட்டோ எடுத்தமே, பாலாத்தங்கரையில, மண்டபத்துல. அது இருக்குதா பாரு."

அவள் ரொம்ப நேரம் தேடினாள். அப்புறம் "அம்மா, வந்து பாரேன்!" என்று கூச்சல் போட்டாள். கத்தரிக்காய்க் காம்போடு ஓடி வந்தேன். சுவர் முழுக்க என் மூஞ்சி.

ஐயோ, அந்தப் போட்டோ! எனக்குக் கட்டோடு பிடிக்காத போட்டோ. கல் மண்டபத்துக்கு முன்னால் நிற்கிறேன். காற்றில் தலைமுடி பறக்கிறது, பொட்டு ஒரு பக்கம் விலகியிருக்கிறது, புருவத்தை நெரித்துக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறேன். உதட்டுக்கு மேல் இருக்கிற பூனை முடிகூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தள்ளுபடியில் விற்றாலும் அந்தக் கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை, அத்தனை தெளிவு.

"ஐயே, எடுடி அத. சகிக்கல" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார் அவர்.

எழுந்தார். டிவிக்கு முன்னால் ஒரு சாணில் நின்றார். மேலே இடது மூலையில் ஆரம்பித்தார். சேலை பார்க்கிற மாதிரியே, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை, பிறகு கொஞ்சம் கீழே இறங்கி அடுத்த வரி. தலை சாய்ந்து சாய்ந்து நகர்ந்தது.

"வானம். தூணு. இது தூணுதான?"

"ஆமா நைனா!"

"இது அம்மா முடி. பறக்குது. இங்க காது வருது." கொஞ்சம் நின்றார். "கம்மலு. மினுக்குது."

சாமி, தெரிகிறது! தெரிகிறது அவருக்கு! டாக்டரம்மா, கேட்டுக்கோ, கம்மல் வரைக்கும் தெரிகிறது. பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் காதைத் தாண்டி முகத்துக்கு வந்தார். நின்றார். இடது பக்கம் போனார், திரும்பி வந்தார். மேலே போனார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"பெருசு பண்ணு."

பெண் பெரிதாக்கினாள். என் கண்ணும் மூக்கும் மட்டும் சுவரை அடைத்துக்கொண்டு நின்றன.

"இன்னும்."

என் ஒரு கண் தாம்பாளம் அளவுக்கு வந்தது. அதில் மூக்கை ஒட்டிக்கொண்டார். ஒரு அடி பின்னால் வந்தார், மறுபடி போனார். கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். பேனல் நோகும் என்று சொல்ல அங்கே பாய் இல்லை, நானும் சொல்லவில்லை.

"நெசவு நெருக்கமாத்தான் இருக்குது" என்றார். "ஒரு இழைகூட வுட்டுப் போவல. ஓரத்துல பாத்தா துண்டு துண்டா வருது. நேரா பாத்தா அங்க ஓட்டை வந்து நிக்குது. நவுத்துனா அதுவும் கூடவே நவுருது. மூஞ்சியா சேர மாட்டேன்து."

பெண் ஃபோனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் அழுதால் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். இத்தனை நாள் நெருக்க நெசவு, நெருக்க நெசவு என்று கிடந்தது பந்துக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவருக்குக் கையெட்டுகிற தூரத்தில்தான் நின்றிருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அதுல எப்டி இருக்கிற நீ?"

"சிரிச்சிக்கினு இருக்கிறேங்க" என்றேன்.

"பொய் சொல்லாத. திட்டிக்கினு இருந்த. செருப்ப எங்கியோ வுட்டுட்டேன்னு அன்னிக்கி வாங்கு வாங்குன்னு வாங்கின. நான்தான எடுத்தேன் அந்த போட்டோவ."

அது போன பொங்கலுக்கும் முந்தின பொங்கல். ஆஸ்பத்திரிக்கு வெகு நாள் முன்னால், பந்து காணாமல் போவதற்கு முன்னால், அந்தப் பழுதுச் சேலைக்கும் முன்னால். இத்தனை காலமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், நான் திட்டினால் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார், பொட்டு நல்லா இருக்குது என்றுகூட ஒரு நாள் சொன்னார்.

"ஏன் இதப் போடச் சொன்னீங்க? வேற நல்ல போட்டோவா இல்ல?"

அவர் கையைக் கண்ணாடியிலிருந்து எடுத்தார். குரல் வந்த பக்கம் திரும்பினார், என் தோளுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார்.

"அன்னிக்கி உன்ன நல்லா பாத்தேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சிய நான் பாக்கவே இல்லடி."